எதிராளிக்கு முதல் பந்தி

விவாதக் கட்டுரைக்குச் சட்டகம் போட்டுட்டேன்னு தாளை நீட்டுகே. வாங்கிப் பாத்தா மேல ‘முன்னுரை’, நடுவுல ‘பொருளுரை’, அடியில ‘முடிவுரை’. ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு ரெண்டு கோடு. கோடு கொள்ளாம் மக்ளே. ஸ்கேல் வச்சுப் போட்டதா, வெறுங்கையாலயா? வெறுங்கையாலன்னா நீ சர்வேயர் பரீட்சைக்குப் படி, பிழைச்சுக்கிடுவே.

இந்த மூணு வார்த்தையைத்தான் உங்க அம்மையும் எழுதினா. அவளுக்கு முந்தி நானும் எழுதினேன். பசுவுக்கும் எழுதலாம், பாராளுமன்றத்துக்கும் எழுதலாம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் எழுதலாம். எல்லாத்துக்கும் பொருந்துறதுனாலதான் உன் கட்டுரையைப் பத்தி அது ஒரு வார்த்தை பேச மாட்டேங்கு.

செரி, தலைப்பு என்ன? ‘கல்லாறும் ஆரோக்கியப்பச்சையும்’. கேக்க இனிமையா இருக்கு. பொன்முடி மலைக்குப் போற பஸ்சுக்குப் பின்னால எழுதி ஒட்டலாம். ஆனா இதுல சண்டை எங்கட்டி இருக்கு?

பாட்டாவுக்கு என்ன தெரியும்னு மனசுக்குள்ள சிரிக்கே. சிரி. நான் காலேஜ் வாசலை மிதிச்சவன் இல்ல. ஆனா கல்லாத்துச் சாயக்கடை பெஞ்சுல அரை ஆயுசைக் கழிச்சவன். கேரளத்துல சாயக்கடை பெஞ்சுல இடம் கிடைக்கணும்னா காசு மட்டும் போதாது, கையில ஒரு அபிப்பிராயமும் வேணும். அபிப்பிராயம் இருந்தாலும் போதாது, அடுத்த பெஞ்சுக்காரன் குறுக்கே கேக்கும்போது சாயை ஆறுறதுக்குள்ள பதில் சொல்லணும். அதையே உங்க காலேஜுல பேரு மாத்திச் சொல்லி மார்க்கு போடுகாவ.

இந்தக் கல்லாறு போயி வாமனபுரம் ஆத்துல சேருதுன்னு நீ எழுதினா எவன் மறுக்கப் போறான்? பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுன்னு எழுதினாலும் மறுக்க ஆளில்ல. வளைவுக்கு வளைவு நம்பர் போட்டு வச்சிருக்கு, சந்தேகம் உள்ளவன் எண்ணிக்கிட்டே போவான். ‘பொன்முடி அழகு’ன்னு எழுதிப் பாரு. அதுக்கும் எதிர்ப்பு கிடையாது. மேல போயி மஞ்சு மூடி ஒண்ணுமே தெரியாம திரும்பி வந்தவன்கூட அழகுன்னுதான் சொல்லுகான். பெட்ரோல் செலவாயிருக்குல்லா.

இப்ப இப்பிடி எழுது: ‘ஞாயித்துக்கிழமை பொன்முடிக்குச் சொந்த வண்டி விடப்படாது. கல்லாத்துல நிறுத்திட்டு கவர்மென்டு பஸ்சுலதான் ஏறணும்.’ உடனே மேல கடை போட்டிருக்கிறவன் எழும்புவான். கைப்பிள்ளைக்காரி எழும்புவா. கல்லாத்துல வண்டி நிறுத்த நெலம் வச்சிருக்கிறவன் மட்டும் உனக்குச் சாயையும் பழம்பொரியும் வாங்கித் தருவான். அங்கதான் இருக்கு விவாதம். எழும்பி நிக்க ஒருத்தனாவது வேணும். இல்லன்னா அது தகவல் பலகை.

உன் ஆரோக்கியப்பச்சையிலயும் சண்டை இருக்கு. நல்ல கனமான சண்டை. நீதான் அதை அழகு வார்த்தை போட்டு மூடி வச்சிருக்கே. கதை உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் வருசக் கணக்கோட சொல்லுகேன். வருசம்தான் பிறகு கைகொடுக்கும்.

1987-ல ஆராய்ச்சிக்காரரு கூட்டம் ஒண்ணு அகத்தியமலைக் காட்டுக்குள்ள ஏறிச்சு. தலைமை புஷ்பாங்கதன். வழிகாட்ட அங்க உள்ள பழங்குடி, காணிக்கார இளவட்டங்க கூடப் போனாவ. படிச்சவிய மூச்சு வாங்கி உக்காந்துட்டாவ. கூடப் போனவிய என்னமோ ஒரு காயைக் கடிச்சுக்கிட்டு, களைப்பே தெரியாம நடந்தாவ. அது என்னன்னு கேட்டா முதல்ல வாயைத் திறக்கல. வெளி ஆளுக்குச் சொல்லக் கூடாத சங்கதி. கேட்டுக் கேட்டுக் கடைசியில செடியைக் காட்டினாவ. அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டுல இருக்கிற தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதோட வேற மூணு மூலிகையும் சேத்து ‘ஜீவனி’ன்னு மருந்து உண்டாக்கிச்சு. 1995-ல அந்த மருந்து செய்யுற உரிமையைக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு வருசத்துக்குக் கொடுத்தாவ. லைசென்ஸ் தொகை 10 லட்சம் ரூபா, ராயல்டி 2 சதவீதம். ரெண்டுலயும் பாதி காணிக்காரருக்கு. அதை வாங்கி வைக்க 1997-ல ஒரு டிரஸ்ட் பதிவாச்சு. 1999-ல அஞ்சு லட்சத்துக்கு மேல டிரஸ்டுக்கு வந்து சேந்துது.

இது ஒரு பக்கம். இனி மத்த பக்கம். அதே 1995-ல காணிக்காரர்ல வைத்தியம் பாக்குற பிலாத்திமார் ஒன்பது பேரு முதலமைச்சருக்குக் கடுதாசி போட்டாவ, எங்க அறிவைக் கம்பெனிக்கு விக்கப்படாதுன்னு. டிரஸ்டுக்குக் குற்றிச்சல் பக்கத்துக் காணிக்காரரு ஆதரவு. நம்ம விதுரா, பெரிங்கமலை பக்கத்துல உள்ளவிய ‘எங்களை ஆரு கேட்டா?’ன்னாவ. இலை பறிக்கிறதுக்கு வனத்துறையும் தடை சொல்லிச்சு.

இவ்வளவும் கையில வச்சுக்கிட்டு நீ ‘பழங்குடியினர் அறிவைப் போற்றுவோம்’னு எழுதியிருக்கே. ஏட்டி, அது சுவர்ல எழுதுறது. போற்றக்கூடாதுன்னு சொல்ல எவன் வருவான்? அதை அடிச்சுட்டு ‘காணிக்காரரை முழுசா ஏமாத்திட்டாவ’ன்னு எழுதுகே. இதுல சண்டை இருக்கு, ஒத்துக்கிடுகேன். ஆனா ‘முழுசா’ன்னு ஒரு வார்த்தை போட்டியே, அது உன் காலை வாரிவிடும். ஏமாத்தினவன் எதுக்கு அஞ்சு லட்சம் குடுத்தான்னு பெஞ்சுக்காரன் ஒரே ஒரு கேள்வி கேட்டா நீ தாளை மடிச்சுட்டுப் போக வேண்டியதுதான்.

கோவத்தைக் கொறை, கணக்கைக் கூட்டு. ‘ஜீவனி ஒப்பந்தம் பணத்தைப் பங்கிட்டுது. ஆனா கேக்க வேண்டிய ஆளுகளைக் கேக்காம பங்கிட்டுது. அதனால அது பாதி நியாயம்.’ இது எப்பிடி இருக்கு? மூணு சின்ன வாக்கியம். ஒண்ணுல எதிராளிக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சு, ரெண்டாவதுல நம்ம குத்தச்சாட்டு, மூணாவதுல தீர்ப்பு. இதைத் தாளோட தலையில எழுது. கட்டுரை முழுக்க இதுக்குத்தான் கூலி வேலை செய்யணும். செய்யாத பத்தியை வேலையை விட்டு நிப்பாட்டு.

இனி தாளை நெடுக்க ரெண்டா மடி. வலப்பக்கம் உனக்கு, இடப்பக்கம் எதிராளிக்கு. முதல்ல எதை எழுதணும்? பாத்தியா, பேனா வலப்பக்கம் போகுது! மாத்து. இடப்பக்கத்துல தொடங்கு.

இது என் கண்டுபிடிப்புன்னு நினைச்சுக்கிடாதே. எங்க அப்பா சைவ சித்தாந்தம் கேட்டவரு. சிவஞான சித்தியார்னு ஒரு நூல், 13-ம் நூற்றாண்டுல அருணந்தி சிவாச்சாரியார் செஞ்சது. அதுக்கு ரெண்டு பாகம்: பரபக்கம், சுபக்கம். பிறன் கட்சி பரபக்கம், தன் கட்சி சுபக்கம். எது முன்னால நிக்கு? பரபக்கம். உலகாயதன்லேருந்து தொடங்கி, ஒவ்வொரு மதத்துக்காரனும் என்ன சொல்லுகான்னு அவன் பேச்சாவே வச்சு, பிறகுதான் மறுப்பு. கடவுளும் இல்ல, மறுபிறப்பும் இல்லங்கிறவனுக்குக் கல்யாண வீட்டுல மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுற மாதிரி முதல் பந்தியில இலை போட்டு உக்கார வச்சிருக்காரு ஒரு சிவபக்தர். நீ என்னடான்னா எதிராளியைப் பந்தல் பக்கமே விடாம கட்டுரையை முடிக்கப் பாக்கே.

விடலன்னு சொல்லக்கூடாது, விட்டிருக்கே. கடைசிப் பத்திக்கு முந்தி ஒரு வரி: ‘சிலர் இதை எதிர்க்கலாம். ஆனால் அது தவறு.’ இந்தச் சிலர் ஆரு? எந்த ஊரு? என்ன சொல்லி எதிர்க்காவ? எதுக்குத் தவறு? அவிய பாவம், எழும்பி நிக்கிறதுக்குள்ள நீயே அடிச்சுப் படுக்க வச்சுட்டே. இப்பிடி நோஞ்சானைக் கூட்டிட்டு வந்து நிறுத்தி ஜெயிக்கிறதுல என்ன பெருமை? தேர்தல்ல டம்மி வேட்பாளரைத் தோக்கடிச்சு மாலை போட்டுக்கிடுறவன்கூட கொஞ்சம் வெக்கப்படுவான்.

நானே எதிராளி ஆகுகேன், எழுதிக்கோ. ‘பல்லுயிர்ச் சட்டம் இந்தியாவுல வந்ததே 2002-ல. 1995-ல பழங்குடிக்குப் பங்கு குடுக்கணும்னு எந்தச் சட்டமும் எங்க கையைப் பிடிக்கல. நாங்களாத்தான் பாதியைக் குடுத்தோம்.’ எழுதிட்டியா? ‘காணிக்காரரு காட்டுக்குள்ள சிதறி சிதறி இருக்காவ. எல்லாரும் ஒண்ணாச் சரின்னு சொல்லுற நாள் வரணும்னா மருந்தே வந்திருக்காது, பணமும் வந்திருக்காது.’ அதையும் எழுது. ‘எங்களைப் பாத்துதான் உலகத்துல பல இடத்துல பங்கு பத்திப் பேச ஆரம்பிச்சாவ.’ எழுது, எழுது, மொகத்தைச் சுளிக்காதே. இப்ப இடப்பக்கம் பாரு, மூணு பேரும் நல்ல தடியனுவ. இவனுவகூட மல்லுக்கட்டினாத்தான் உன் கட்டுரைக்கு உடம்பு வரும்.

மறுக்கிறதுன்னா எல்லாத்துக்கும் ‘இல்ல’ன்னு தலையாட்டுறது இல்ல. நன்னூல்காரரு பவணந்தி நூலுக்கு ஏழு மதம் வச்சிருக்காரு. அதுல முதல் மதமே பிறர் சொன்னதுக்கு உடன்படுறது. அப்புறம்தான் மறுக்கிறது. பிறன் சொன்னதை முதல்ல ஏத்துக்கிட்டு, கொஞ்ச தூரம் கூடவே போயி, பிறகு களையுறதும் ஒரு மதம். ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொன்னா ஒண்ணைத் துணியுறதும் ஒரு மதம். பட்டிமன்றத்துல நீ பாக்கிறியே, ‘நடுவர் அவர்களே’ன்னு தொண்டை கிழியக் கத்துறாவளே, அவியளுக்கு ஒரே மதந்தான். கைதட்டு மதம்.

முதல் தடியன்: சட்டம் இல்லாத காலத்துலயே குடுத்தோம்ங்கான். இதுக்கு உடன்படு. வலப்பக்கத்துல ‘உண்மை, பாராட்டணும்’னு எழுது. கை கூசுதா? எழுதின பிறகு பாரு, வாசிக்கிறவன் உன்னை நம்பத் தொடங்குவான். ரெண்டாமவன்: எல்லாரையும் கேக்க முடியாதுங்கான். இதுக்குத்தான் கூடப் போயிக் களையணும். ‘எல்லாரையும் கேக்க முடியாதுதான். ஆனா பிலாத்திமார் காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கல. அவியளாவே முதலமைச்சருக்கு எழுதினாவ. தேடிப் போக வேண்டாம், வந்த கடுதாசியைப் பிரிச்சா போதும்.’ அடுத்த வரியில வருசத்தை வை: லைசென்ஸ் 1995, டிரஸ்ட் 1997. விலை பேசி முடிச்ச பிறகுதான் விக்கிறவன் சங்கமே உண்டாச்சு. இதுக்கு மேல நீ ‘அநீதி’, ‘சுரண்டல்’னு ஒரு வார்த்தையும் போட வேண்டாம். ரெண்டு வருசத்தையும் பக்கத்துப் பக்கத்துல எழுதிட்டு நகந்து நில்லு. மூணாமவனை உனக்கே விடுகேன்.

எதிராளி எந்த இடத்துல அடிப்பான்னு தெரிஞ்சுக்கிடணும். அதுக்கு ஒரு பழைய கேசு சொல்லுகேன். நான் பெறந்த கல்குளம் அப்பத் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலும் சென்னை ராஜ்யத்துக்குப் போயி கன்னியாகுமரி மாவட்டமாச்சு. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கல. அங்க தமிழர் கூடுதல்னு நம்மாளுவ எண்ணிக்கையைக் காட்டினாவ. எண்ணிக்கை பொய்யில்ல. ராஜ்ய எல்லையைப் பிரிக்க வந்த பசல் அலி கமிஷன் 1955 அறிக்கையில அந்த எண்ணிக்கையைப் பொய்னு சொல்லவும் இல்ல. அதுல பெரும்பங்கு தோட்ட வேலைக்கு வந்து போறவியன்னு சொல்லி எண்ணிக்கையோட பலத்தை எடுத்துட்டாவ. அது நியாயமான்னு கேட்டா நான் ராத்திரி முழுக்கப் பேசுவேன், அதை விடு. உனக்கு உள்ள பாடம் வேற. சாட்சியை மறுக்காம, சாட்சிக்கும் உன் தீர்ப்புக்கும் நடுவுல உள்ள பாலத்தை உடைப்பான் சாமர்த்தியக்காரன். அதனால ஒவ்வொரு சாட்சிக்கும் பக்கத்துல ‘அதனால?’ன்னு எழுதி அதுக்கு ஒரு பதிலும் எழுது. பதில் வரலன்னா அந்தச் சாட்சி வேற ஆரோட கேசுக்கோ வந்தது.

உன் தாள்லயே ஒண்ணு இருக்கு பாரு. அமெரிக்காவுல ஒரு கம்பெனி ‘ஜீவனி’ங்கிற பேரையே தன் வணிகக் குறியாப் பதிவு பண்ணிட்டுதுன்னு எழுதி, பக்கத்துல மூணு ஆச்சரியக்குறி. சங்கதி நிஜந்தான். கேட்டா ரத்தம் கொதிக்கும். அதனால? பேரை வெளிநாட்டுல பதிவு பண்ணாம விட்டது நிலையத்தோட அசட்டை. காணிக்காரரைக் கேக்கலங்கிற உன் கட்சிக்கு அது சாட்சி சொல்லாது. எடுத்து வெளிய போடு. வலிக்கும், தெரியும். நல்ல சங்கதியை வெளிய போடத் தெரிஞ்சவளுக்குத்தான் சட்டகம் போடத் தெரியும். அதைப் பத்திரமா வை, வேற கட்டுரைக்கு ஆகும்.

அடுத்தது நம்ம லெட்சுமிக்குட்டி அம்மா. கல்லாத்து மொட்டமூடுக் காணிக்குடியில இருந்துக்கிட்டு விஷக்கடிக்கு வைத்தியம் பாத்தவிய. 2018-ல பத்மஸ்ரீ கிடைச்சுது. நம்ம ஊருப் பேரு டெல்லி வரைக்கும் போச்சுன்னா அது அவியளாலதான். அவியளை நீ எங்க நிறுத்தியிருக்கே? முன்னுரையில. பூவைப் போட்டு, விளக்கை ஏத்தி, நிறுத்தியாச்சு. பிறகு கட்டுரை முடியுற வரை அவியளுக்கு ஒரு வேலையும் இல்ல. பெரிய மனுசியை இப்பிடிச் சும்மா நிறுத்துறது மரியாதையா? வலப்பக்கத்துக்குக் கூட்டிட்டு வா. செடியைக் காட்டினது வழிகாட்டப் போன இளவட்டங்க. வைத்திய அறிவைக் காக்கிறது அவியளைப்போல ஆளுக. அப்போ கேக்க வேண்டியது ஆரை? இந்த இடத்துல அவிய வந்தா உன் கட்சி ஒரு சாண் உசரும்.

இன்னும் ஒண்ணு. இடையில ‘வனத்துறை’ன்னு ஒத்தை வார்த்தை எழுதி வட்டம் போட்டிருக்கே. வனத்துறை என்ன செஞ்சுது? தூங்கிச்சா, முழிச்சுதா? வினைச்சொல் இல்லாத வரி சட்டகத்துல நிக்கப்படாது. ‘அறிவை வித்தாச்சு, ஆனா இலையைப் பறிக்க வனத்துறை அனுமதி இல்லன்னுது’ன்னு எழுதினா அது ஒரு வரி. நாளைக்கு நீ பத்தி எழுத உக்காரும்போது ‘வனத்துறை’ உன்னைப் பாத்து முழிக்கும், இந்த வரி உன்னை இழுத்துக்கிட்டுப் போகும். போன்ல கேட்டா நொடியில சட்டகம் தருதாமே, பக்கத்து வீட்டுப் பய காட்டினான். பாத்தேன். எல்லா வரியும் ‘முக்கியத்துவம்’, ‘சவால்கள்’, ‘தீர்வுகள்’. ஒரு வினைச்சொல் கிடையாது. முன்னுரையும் முடிவுரையும்தான் புதுச் சட்டை போட்டு வந்திருக்கு.

வரிசை எப்பிடின்னு கேக்காதே, சாயக்கடைக்காரனுக்கே தெரியும். தீர்ப்பு வாக்கியம், எதிராளியோட பலம், அதுல உடன்படுறது, பிறகு களையுறது, பிறகு உன் தனிச் சரக்கு, அதுல வலுவானது கடைசியில. முடிவுரையில ‘ஆகவே’ன்னு தொடங்கி முதல்ல சொன்னதையே திருப்பிச் சொல்லாதே. வாசிச்சவனுக்கு மறதி வியாதி இல்ல. பாதி நியாயம்னு சொன்னியே, மத்த பாதிக்கு இன்னைக்கு என்ன செய்யணும்? அடுத்த செடிக்கு ஆரை முதல்ல கேக்கணும்? அதைச் சொல்லிட்டுப் பேனாவை மூடு.

எல்லாம் எழுதிட்டே. இனி பாட்டா ஒண்ணு கேப்பேன், கோவிக்கப்படாது. காணிக்காரரைக் கேக்காம முடிவெடுத்தாவன்னு இவ்வளவு சூடா எழுதுகியே, நீ எந்தக் காணிக்காரரைக் கேட்டே? தாள்ல இருக்கிறதெல்லாம் லைப்ரரியிலயும் போன்லயும் எடுத்தது. மொட்டமூடு ஒண்ணும் அமெரிக்காவுல இல்ல. வனத்துறை அனுமதி வேணும்னா முறையாக் கேட்டு வாங்கு, கூட ஊரு ஆளு ஒருத்தரைக் கூட்டிக்கோ. போயி, மூத்தவிய முன்னால உக்காந்து, உன் தீர்ப்பு வாக்கியத்தை வாசிச்சுக் காட்டி, சரியான்னு கேளு. அவிய ‘அந்தப் பணத்துல எங்களுக்கு நல்லது நடந்துது பிள்ளே’ன்னு சொன்னா அதை மறைக்காம இடப்பக்கத்துல எழுது. பிறகு தீர்ப்பு வாக்கியத்தைத் திரும்ப வாசி, மாத்தணும்னா மாத்து. அதுக்குப் பிறகு முதல் பத்தியை எழுதினா போதும்.